ரிலீஸ் பேரிங் மாற்றுதல்: சித்தூர், திருப்பதி வட்டாரம்

கையால் கியர் மாற்றும் காரில், கிளட்ச் பெடலை மிதிக்கும் காலின் அழுத்தத்தைச் சுழலும் கிளட்சிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாகம் ரிலீஸ் பேரிங். பட்டறைகளில் இதைக் கிளட்ச் பேரிங் என்றும், பழைய ஆட்கள் கிளட்ச் பால்ரஸ் என்றும் சொல்வார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும், சின்னக் கார்களுக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும். ஆனால் அது இருப்பது எஞ்சினுக்கும் கியர்பாக்சுக்கும் நடுவே. கியர்பாக்சை இறக்காமல் அதைத் தொட முடியாது. பொருளின் விலையைவிடக் கூலி பல மடங்கு ஆகும் வேலைகளில் இது முதன்மையானது. நோயைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் பெட்டியை இறக்கினால் அந்தக் கூலி அத்தனையும் வீண்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இந்தப் பாகத்துக்கு வேலை அதிகம். காரணம் தரையின் அமைப்பு. சித்தூரிலிருந்து பலமநேர் போகும் வழியில் மொகிலி காட் என்னும் மலைப்பாதை, திருப்பதியிலிருந்து பீலேர் போகும் வழியில் பாகராப்பேட்டை காட், எல்லாவற்றுக்கும் மேலாகத் திருமலைக்கு ஏறும் காட் ரோடு. திருமலையின் முதல் சாலை 1944இல், சென்னை மாகாணக் காலத்தில் திறக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் ஏறவும் இறங்கவும் அது ஒன்றுதான் வழி. 1974இல் இரண்டாவது சாலை வந்த பிறகு, புதியது ஏறுவதற்கும் பழையது இறங்குவதற்கும் என்று பிரிந்தது. பழையதன் நீளம் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். மேலே போனால் கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டருக்குச் சற்று மேல். மலையடிவாரத்து அலிபிரி சோதனைச்சாவடியில் நேரம் குறித்துவிடுவார்கள். ஏறக் குறைந்தது 28 நிமிடம், இறங்கக் குறைந்தது 40 நிமிடம் என்று திருமலைக் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம் விதி வகுத்தது; அதற்கு முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் அபராதம்.

மலை ஏறுவதாலேயே பேரிங் கெடுவதில்லை. கெடுப்பது காலின் பழக்கம். அலிபிரி வரிசையில் வண்டி ஓரடி ஓரடியாக நகரும்போது நியூட்ரலுக்கு வராமல், முதல் கியரிலேயே பெடலை மிதித்தபடி காத்திருப்பது ஒன்று. சரிவில் முன்வண்டி நின்றால் கைபிரேக் போடாமல் பாதிக் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது இன்னொன்று. இறக்கத்தில் வளைவுக்கு வளைவு கிளட்சை அமுக்கி வண்டியை ஓட விடுவது மூன்றாவது. இதில் எஞ்சினின் பிடிப்பும் போய்விடுவதால் பிரேக்கும் சூடாகும். எஞ்சினின் வேகத்திலேயே சுழலும் கிளட்ச் ஸ்பிரிங்கை பேரிங் முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கும் நேரம் இதெல்லாம். கியர் மாற்றும்போது அந்த நேரம் ஒரு நொடிதான். வரிசையில் மிதித்து நிற்பவர் அதை ஐந்து நிமிடமாக நீட்டிவிடுகிறார்.

2022இல் திருமலைக்கு மின்பேருந்துகள் வந்தன. அவற்றில் கிளட்சே கிடையாது. ஆனாலும் டாக்சிகளிலும், சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் குடும்பத்தோடு வரும் சொந்தக் கார்களிலும் கையால் கியர் மாற்றுபவை இன்னும் ஏராளம்.

அமைப்பு

எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் ஃப்ளைவீல். அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவே நெரிபட்டுக் கிடக்கும் கிளட்ச் பிளேட். கியர்பாக்சிலிருந்து நீண்டுவரும் இன்புட் ஷாஃப்டின் பற்கள் கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையில் பொருந்தியிருக்கும். பிரஷர் பிளேட்டின் நடுவில் பூவிதழ் போல விரல் விரலாக இருப்பது டயாஃப்ரம் ஸ்பிரிங். பெடலை மிதித்தால் கேபிளோ ஹைட்ராலிக் எண்ணெயோ ஃபோர்க் என்னும் நெம்புகோலை அசைக்கும்; ஃபோர்க் பேரிங்கைத் தள்ளும்; பேரிங் அந்த விரல்களை அழுத்தும்; பிடி விட்டுப்போகும். ஃபோர்க் பக்கம் சுழலாது, ஸ்பிரிங் பக்கம் எஞ்சின் வேகத்தில் சுழலும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சுழற்சியை விட்டு அழுத்தத்தை மட்டும் கடத்துவதுதான் பேரிங்கின் பிழைப்பு.

பழைய அம்பாசடரில் குண்டுகள் உள்ள பேரிங்குக்குப் பதிலாகக் கார்பன் வளையம் இருந்தது. தேயத் தேயக் கரித்தூள் விழும். 2014இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் காரோடு கார்பனும் பெரும்பாலும் மறைந்தது. புதிய கார்கள் பலவற்றில் ஃபோர்க்கே இல்லை. ஹைட்ராலிக் சிலிண்டரும் பேரிங்கும் ஒரே பாகமாக இன்புட் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அதில் எண்ணெய் கசிந்தாலும் கியர்பாக்சை இறக்கத்தான் வேண்டும்.

பேச்சு தெலுங்கானாலும் தமிழானாலும் சித்தூர்ப் பட்டறைகளில் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒன்றுதான். வடஆர்க்காட்டிலிருந்து பெரும்பகுதியைப் பிரித்து 1911இல் உருவான மாவட்டம் அது. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் கலப்பது அங்கே புதிதல்ல.

சத்தம் பார்த்தல்

வண்டியை நியூட்ரலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட வேண்டும். பெடலில் காலே படாதபோது அமைதியாக இருந்து, மிதிக்க மிதிக்கக் கர்ரென்றோ கீச்சென்றோ சத்தம் எழுந்தால் ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகம் விழும். இதற்கு நேர்மாறாக, காலை எடுத்தால் சத்தம் வந்து, முழுக்க மிதித்தால் அடங்கினால், அது பெரும்பாலும் கியர்பாக்சுக்குள் இருக்கும் இன்புட் ஷாஃப்ட் பேரிங். ரிலீஸ் பேரிங்கை மாற்றினாலும் அந்தச் சத்தம் போகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பல கார்களில் ரிலீஸ் பேரிங் எப்போதும் ஸ்பிரிங் விரல்களை லேசாகத் தொட்டுச் சுழன்றபடியே இருக்கும். அதில் தேய்மானம் தொடங்கினால் கால் படாதபோது சலசலப்பு வரும். கால் பட்ட மாத்திரத்தில் நின்றுவிடும். இதையும் இன்புட் பேரிங்கையும் பிரித்துச் சொல்லத்தான் பழகிய காது வேண்டும். லேசாகக் கால் வைத்தவுடனே அடங்குகிறதா, கிளட்ச் முழுதும் விடுபட்டு இன்புட் ஷாஃப்ட் நின்ற பிறகுதான் அடங்குகிறதா என்று பார்ப்பது ஒரு வழி.

மேட்டில் எஞ்சின் உறுமியும் வண்டி நகராமல் கருகிய வாடை வருவது கிளட்ச் பிளேட்டின் தேய்மானம். கியர் விழ மறுப்பது கேபிள், ஹைட்ராலிக், ஃபோர்க் ஆகியவற்றில் எதனாலும் இருக்கலாம். இவற்றில் வெளியிலிருந்தே சரிசெய்யக்கூடிய கேபிளையும் ஹைட்ராலிக்கையும் முதலில் பார்க்காமல் பெட்டியில் கைவைப்பது அவசர வேலை.

இறக்குதல்

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளில் எப்போதும் மின்சாரம் இருக்கிறது. ஸ்பேனர் அதற்கும் பாடிக்கும் நடுவே பட்டால் தீப்பொறி பறக்கும். பள்ளம் அல்லது லிஃப்ட் உள்ள பட்டறை என்றால் நல்லது. இல்லையென்றால் சமதரையில் வண்டியை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பவர்களை இன்றும் பார்க்கலாம். கியர்பாக்ஸ் போல்ட்டை இழுத்துத் திருகும்போது வண்டியே ஆடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

மாருதி 800, ஸ்விஃப்ட் போல முன்சக்கரம் இழுக்கும் கார்களில் எஞ்சின் குறுக்காக இருக்கும்; கியர்பாக்ஸ் இடதுபக்கம். கியர் ஆயிலை வடித்துவிட்டு, முன்சக்கரங்களைக் கழற்றி, பால் ஜாயின்ட்டைப் பிரித்து, இருபக்க டிரைவ் ஷாஃப்ட்டுகளையும் உருவ வேண்டும். ஆயில் சீலின் உதட்டில் ஷாஃப்டின் பற்கள் உரசாமல் நேராக இழுக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பேரிங் மாற்றிய மறுவாரம் ஆயில் கசிவு என்று வண்டி திரும்பி வரும். பிறகு கிளட்ச் கேபிள், கியர் ராடு அல்லது கேபிள்கள், ரிவர்ஸ் லைட் வயர், ஸ்பீடோமீட்டர் இணைப்பு, ஸ்டார்ட்டர். எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடித்த பிறகே மவுன்ட்டைக் கழற்றலாம்.

பொலேரோ, சுமோ, திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகும் இசுசு பிக்கப் ஆகியவை வேறு வகை. எஞ்சின் நீளவாக்கில் இருக்கும். கியர்பாக்ஸ் அதன் பின்னால். இங்கே டிரைவ் ஷாஃப்ட் உருவும் தொல்லை இல்லை. அதற்குப் பதில் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். கழற்றுமுன் ஃபிளாஞ்சின் இருபக்கமும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வது வழக்கம். அதே இடத்தில் திரும்ப மாட்டினால்தான் அதிர்வு வராது. வண்டிக்குள்ளிருந்து கியர் லீவரை எடுத்து, குறுக்குச் சட்டத்தை விடுவித்ததும் எஞ்சினின் பின்பக்கம் சாயும். சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்திருக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் டிரான்ஸ்ஃபர் கேஸின் எடையும் சேரும்.

எந்த வகையானாலும் கடைசியில் மிஞ்சுவது, கிளட்சைச் சுற்றி மூடும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகள். அவை எல்லாம் ஒரே நீளமல்ல. அட்டையில் பெட்டியின் வட்டத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அங்கே குத்தி வைப்பவர் மாட்டும்போது திணறமாட்டார். மேலே இருக்கும் ஒன்றிரண்டு போல்ட்டுகளுக்குக் கைக்கு இடமே இருக்காது. கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் ஸ்பேனரை வைக்க வேண்டியிருக்கும். கழற்றியதும் பெட்டி, அதை இடத்தில் நிறுத்தும் டவல் பின்களில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மெல்ல அசைத்து நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இன்புட் ஷாஃப்ட் முழுதும் வெளியே வரும்வரை பெட்டியின் பாரம் அந்த ஷாஃப்டில் தொங்கக்கூடாது. தொங்கினால் கிளட்ச் பிளேட் வளைந்துவிடும். சின்னக் காரின் பெட்டியே 25, 30 கிலோ இருக்கும். அதை நெஞ்சில் தாங்கி இறக்குவது சிலருக்குப் பெருமை. கியர்பாக்ஸ் ஜாக்கி அதைவிட நல்லது.

திறந்த பின்

பெல் ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே கிளட்ச் பிளேட் தேய்ந்த கரும்பொடி. அதை ஊதிவிடக் கூடாது. பழைய பிளேட்டுகளில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஃபோர்க்கின் கிளிப்பை விடுவித்துப் பேரிங்கை உருவியதும் கையில் வைத்துச் சுழற்றிப் பார்ப்பார்கள். நல்லது கிரீஸின் மந்தத்தோடு சத்தமில்லாமல் சுற்றும். கெட்டது மணலை அரைப்பதுபோல விரலில் உறுத்தும். சில நேரம் கிரீஸ் வற்றி, தட்டிவிட்டால் விசிறி மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். நன்றாகச் சுற்றுகிறதே என்று அதை மீண்டும் போட்டுவிடக்கூடாது.

பெட்டி இறங்கியிருக்கும்போது வேறு எதை மாற்றுவது என்பதில்தான் வாடிக்கையாளருக்கும் பட்டறைக்கும் வழக்கு. டயாஃப்ரம் விரல்களின் நுனியில் பேரிங் பட்ட இடம் பளபளவென்று பள்ளமாகியிருந்தால் பிரஷர் பிளேட்டையும் மாற்றத்தான் வேண்டும். புதுப் பேரிங்கை அதே பள்ளம் தின்றுவிடும். கிளட்ச் பிளேட்டில் ரிவெட்டுக்கு மேல் எவ்வளவு மிச்சம், ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் தடம் உண்டா, கிராங்க் பின்சீலில் ஆயில் கசிவா, பைலட் பேரிங் உள்ள வண்டியானால் அது சுற்றுகிறதா, ஃபோர்க் ஊன்றும் குமிழ் தேய்ந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாகப் போடுவது நஷ்டமல்ல. பிளேட் புதிது போலிருக்க, செட் போட்டே தீர வேண்டும் என்று வற்புறுத்துவது வியாபாரம்.

புதுப் பேரிங்கைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவவே கூடாது. உள்ளே கிரீஸ் அடைத்து மூடியே வருகிறது. கழுவினால் அது கரைந்து, சில மாதத்தில் பழைய சத்தம் திரும்பும். பேரிங் நகரும் குழாயிலும் ஃபோர்க்கின் நுனியிலும் கிரீஸ் தடவலாம். இன்புட் ஷாஃப்ட் பற்களில் விரல் நுனியால் மெல்லிய பூச்சு போதும். அதிகமானால் சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் ஒட்டி, வண்டி கிளம்பும்போது உதறும்.

பிரஷர் பிளேட்டைக் கழற்றியிருந்தால் கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தித்தான் இறுக்க வேண்டும். அதற்கென்று கருவி உண்டு. இல்லாத இடத்தில் பழைய கியர்பாக்சிலிருந்து எடுத்த இன்புட் ஷாஃப்ட் அந்த வேலையைச் செய்யும். நடு விலகினால் பெட்டி ஏறாது. ஏறாத பெட்டியைப் போல்ட்டால் இழுத்து இறுக்குகிறவர் ஹவுசிங்கின் காதை உடைத்துவிடுவார். கிராங்கைக் கொஞ்சம் திருப்பினால் பற்கள் பொருந்தி, பெட்டி தானாகவே டவல் பின்னில் போய் உட்காரும்.

மிச்சமெல்லாம் கழற்றிய வரிசைக்குத் தலைகீழ். கியர் ஆயிலை மறக்காமல் அளவாக ஊற்ற வேண்டும், மறந்தவர்கள் உண்டு. கேபிள் வண்டியில் பெடலின் விளையாட்டு (ஃப்ரீ பிளே) அளவை அந்தந்த வண்டிக் கையேட்டின்படி வைக்க வேண்டும். விளையாட்டே இல்லாமல் முறுக்கினால் கிளட்ச் வழுக்கும், பேரிங்கும் ஓயாமல் தேயும். ஹைட்ராலிக் வண்டியில் காற்று வெளியேறும்வரை ப்ளீட் செய்ய வேண்டும். பிளேட்டும் புதிதாகப் போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டரைச் சமதரையில் ஓட்டி, பிளேட் நன்றாகப் படிந்த பிறகு அலிபிரி தாண்டுவது நல்லது.