இரண்டு பட்டியல்களிலும் இல்லாதவர்கள்

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் இறந்தோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு இன்றுவரை ஒற்றை விடை இல்லை. அரசு அமைத்த விசாரணைக் குழு ஏறத்தாழ 15 லட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர்கள் சிலரின் மதிப்பீடுகள் 30 லட்சத்தையும் தாண்டிச் செல்கின்றன. இந்த இடைவெளிக்குப் பதிவேட்டின் குறையும் ஒரு காரணம். வங்கக் கிராமங்களில் பிறப்பும் இறப்பும் சௌகிதார் எனப்பட்ட ஊர்க்காவலர் கொண்டுவரும் செய்தியை நம்பியே பதிவாகின. சௌகிதாரே இறந்துபோன அல்லது ஊரைவிட்டு நீங்கிய இடங்களில் செய்தி சொல்ல ஆளில்லை.

பஞ்சமில்லாத ஆண்டுகளிலும் அப்பதிவேடு முழுமையானதன்று. குறை இருக்கிறது என்பது எல்லோரும் அறிந்தது. எவ்வளவு குறை என்பதை அளப்பது எப்படி? கல்கத்தாவின் அகில இந்தியச் சுகாதார, பொதுநல்வாழ்வு நிறுவனத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் சி. சந்திரசேகரன் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூரில் அந்நிறுவனத்துக்கு ஒரு சுகாதார மையம் இருந்தது. அப்பகுதியில் 1945, 1946 ஆண்டுகளில் நிகழ்ந்த பிறப்பு இறப்புகளுக்கு இரண்டு பட்டியல்கள் கிடைத்தன: ஒன்று பதிவாளருடையது, மற்றொன்று வீடுவீடாகச் சென்று விசாரித்துத் தொகுத்தது.

இரண்டையும் ஒப்பிட்டால் என்ன தெரியவரும்? ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இரு பட்டியல்களிலும் உள்ள பிறப்புகள் 60. பதிவாளரிடம் மட்டும் உள்ளவை 20. விசாரணையில் மட்டும் கிடைத்தவை 30. விசாரணை கண்டறிந்த 90இல் பதிவாளரிடம் இருப்பவை 60, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. எனவே பதிவாளரின் மொத்தமான 80உம் உண்மையான எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு எனக் கொண்டால், உண்மை எண் 120. இரு பட்டியல்களையும் சேர்த்தால் வருவதோ 110. எவர் கண்ணிலும் படாத 10 பிறப்புகள் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டு, மறுபடி பிடித்து எண்ணும் உயிரியலாளரின் உத்தியும் இதே தர்க்கத்தினதுதான்.

ஆனால் இத்தர்க்கம் செல்ல வேண்டுமானால் இரு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். நடைமுறையில் அப்படி அமைவது அரிது. பிறந்த சில நாளிலேயே இறந்த குழந்தையைப் பதிவாளரும் தவறவிடுவார், விசாரிக்க வந்தவரும் தவறவிடுவார். அத்தகையோர் மிகுந்தால் மதிப்பீடு உண்மையைவிடக் குறையும். வயது, பால், இடம் எனத் தரவைச் சிறு சிறு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் தனித்தனியே கணக்கிட்டால் இப்பிழை குறையும் என்பது சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்கும் காட்டிய வழி. (பின்னாளில் ஜப்பானியத் தொழில்துறைக்குத் தரக் கட்டுப்பாடு பயிற்றுவித்த அதே டெமிங்தான்.) 1949இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் வெளிவந்த அவர்களது கட்டுரையின் உயிர்நிலை சூத்திரத்தில் அன்று, இந்த எச்சரிக்கையில் இருக்கிறது.

இன்னொரு தொல்லை பெயர். ஒரே குழந்தை இரு பட்டியல்களிலும் இருக்கிறதா என்று எப்படி முடிவு செய்வது? பிறப்பைப் பதியும்போது பல குழந்தைகளுக்குப் பெயரே இட்டிருக்க மாட்டார்கள். வங்காளிகளுக்கோ வீட்டில் அழைக்கும் ‘டாக் நாம்’ வேறு, வெளியுலகுக்கான ‘பாலோ நாம்’ வேறு. ஒரே குழந்தையை இருவராகக் கொண்டால் மதிப்பீடு வீங்கிவிடும். வேடிக்கை என்னவெனில், அந்த 1949 கட்டுரையில் ஆசிரியர் பெயர் ‘சந்திர சேகர்’. பிற நூல்களில் ‘சந்திரசேகரன்’. நூலகப் பட்டியல் தயாரிப்பவர் இருவர் என்று எண்ணினால் அவரைக் குறைகூற முடியாது.

ஐக்கிய நாடுகள் சபையும் இந்திய அரசும் இணைந்து நடத்திய மைசூர் மக்கள்தொகை ஆய்வு, பம்பாயில் 1956இல் தொடங்கிய மக்கள்தொகைப் பயிற்சி, ஆய்வு மையத்தின் இயக்குநர் பொறுப்பு, சர்வதேச மக்கள்தொகை ஆய்வுச் சங்கத்தின் தலைமை எனச் சந்திரசேகரனின் பணி பின்னர் விரிந்தது. அறுபதுகளில் இந்தியா தொடங்கிய மாதிரிப் பதிவு முறையும் இரட்டைப் பதிவைத்தான் பின்பற்றுகிறது: உள்ளூரில் இருக்கும் கணக்காளர் ஆண்டு முழுவதும் பதிகிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் அவரைச் சாராமல் விசாரிக்கிறார். ஆனால் அங்கே சூத்திரம் பயன்படுவதில்லை. பொருந்தாத பதிவுகளுக்காக மீண்டும் அந்த வீட்டுக்கே சென்று சரிபார்க்கிறார்கள். இருவருமே தவறவிட்ட வீட்டின் கதவைத் தட்டுவதற்கு மட்டும் அந்த முறையில் வழியில்லை.