நோயைக் கடந்தவர் நோயாளியின் பக்கத்தில்: ஒரு சிறு வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பெண் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் உம்மா, வாப்பா இரண்டு பேரும் வாசித்தால் நல்லது. ஆண் பிள்ளைகள் இருக்கும் வீடுகளும் விலக்கல்ல. காரணம் கீழே வரும்.

இடைவேளை மணி அடித்த பிறகும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காத பிள்ளைகளை ஆசிரியர்கள் நாங்கள் எல்லாப் பாடசாலைகளிலும் பார்க்கிறோம். சிலருக்கு வீட்டில் வசதி இல்லை. அதற்கு ஏதாவது வழி செய்துவிடலாம். ஆனால் பெட்டியில் சோறும் கறியும் இருந்தும் பிள்ளை மாதக்கணக்கில் அதைத் தொடுவதில்லை, உடுப்பு தொளதொளத்துப் போகிறது, கேட்டால் "பசிக்கல்ல டீச்சர்" என்ற ஒரே பதில்தான் வருகிறது என்றால் அது வேறு விஷயம். ஊரில் இதற்கு மூன்று விளக்கங்கள் இருக்கின்றன: டயட், பிடிவாதம், கண்ணூறு. நான்காவது விளக்கம் ஒன்று உண்டு. அது ஒரு நோய். உணவுண்ணல் கோளாறு என்பார்கள். உளநோய்களில் ஆளையே கொண்டுபோகக்கூடியவற்றில் இது முன்வரிசையில் நிற்பது.

இந்த நோயிலிருந்து மீண்ட ஒருவர் இன்னொரு நோயாளிக்குத் துணையாக நிற்பதை இன்று சில நாடுகளில் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார்கள். "பியர் சப்போர்ட்" என்று பெயர். சகபாடி ஆதரவு என்று நாம் சொல்லலாம். இது எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

இந்த நோய் டிவியோடும் போனோடும் வந்தது என்று நாம் நினைக்கிறோம். 1689 இல் ரிச்சர்ட் மோர்ட்டன் என்ற ஆங்கில வைத்தியர் உடல் மெலிந்துபோகும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் 18 வயதுப் பெண் ஒருத்தியும் 16 வயதுப் பையன் ஒருவனும் வருகிறார்கள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஆனால் உணவு வேண்டாம் என்கிறார்கள். பெண் இறந்துபோனாள். பையன் ஓரளவு தேறினான். முதல் பதிவுகளிலேயே ஒரு பையன் இருக்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

நோய்க்கு இன்றைய பெயர் வந்தது 1873-74 காலத்தில். லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்ள்ஸ் லசேக், இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதை விவரித்தார்கள். "அனொரெக்சியா நெர்வோசா" என்ற பெயர் கல் வைத்தது. சிகிச்சை பற்றி அவர் சொன்னது இதுதான்: நேரத்துக்கு நேரம் உணவு கொடுக்க வேண்டும், நோயாளி மேல் அதிகாரம் செலுத்தக்கூடியவர்கள் சூழ இருக்க வேண்டும், பராமரிப்பதற்கு உறவினரும் நண்பரும்தான் மிகப் பொருத்தமற்றவர்கள். பாரிஸின் புகழ்பெற்ற நரம்பியல் வைத்தியர் ஷார்க்கோ இன்னும் ஒரு படி மேலே போய், பெற்றோரிடமிருந்து பிள்ளையை முற்றாகப் பிரித்து வைக்கச் சொன்னார்.

அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண் முன்னால் பிள்ளைகள் சாவதைப் பார்த்தவர்கள். ஆனால் அந்த வழி நீண்ட காலம் நிலைத்தது. கட்டிலில் படுக்க வைப்பது, நிறை கூடினால்தான் பார்வையாளரைச் சந்திக்க விடுவது, கூடாவிட்டால் தடுப்பது என்று பல இடங்களில் நடந்தது. நோயாளியின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று எல்லோரும் பார்த்தார்கள். அந்த ஆளுக்குத் தெரிந்ததை யாரும் கேட்கவில்லை.

கேட்கும் வழக்கம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 18 ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் பிசேத்ர் என்ற பெரிய வைத்தியசாலை இருந்தது. அங்கே ஜான் பாப்டிஸ்ட் புஸ்ஸான் என்பவர் கழுத்துக் கழலை நோயாளியாக வந்து சேர்ந்தார். குணமான பிறகு அங்கேயே வேலைக்கு அமர்ந்து, மனநோயாளர் பகுதியின் பொறுப்பாளர் ஆனார். பணியாட்களை எடுக்கும்போது, மீண்டு வந்த நோயாளிகளை விரும்பி எடுத்தார். அவர்கள் அடிக்க மாட்டார்கள், பட்ட வேதனை அவர்களுக்குத் தெரியும் என்பது அவருடைய அனுபவம். 1793 இல் அங்கு வந்த வைத்தியர் பினெல் இவரிடம் நிறையக் கற்றார். 1797 இல் அங்கே மனநோயாளர்களின் சங்கிலிகளைக் கழற்றியவர் புஸ்ஸான். நீண்ட காலம் புகழ் பினெலுக்கே போனது. பட்டம் இல்லாதவரின் வேலை வரலாற்றில் எப்படி எழுதப்படும் என்பதற்கு இது ஒரு பாடம்.

அடுத்தது 1935. அமெரிக்காவின் அக்ரன் நகரம். குடியை விட்டுச் சில மாதங்களேயான பில் வில்சன், வியாபாரம் தோற்றுப்போன நிலையில் அங்கே தனியாக நிற்கிறார். மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயம். அவர் தேடியது வைத்தியரை இல்லை. தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரைப் பிடித்துப் பேச வேண்டும் என்று தேடினார். கிடைத்தவர் பொப் ஸ்மித். அவர் தொழிலால் ஒரு வைத்தியர் என்பது தற்செயல். அந்தச் சந்திப்பிலிருந்துதான் "அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்" வளர்ந்தது. உதவி பெறுகிறவர் மட்டுமல்ல, உதவி செய்கிறவரும் அதனால் தப்புகிறார் என்பதுதான் அங்கே கண்டுபிடித்தது.

1960 இல் லொஸ் ஏஞ்சலிஸில் சில பெண்கள் இதே முறையைக் கட்டுமீறி உண்பவர்களுக்காகத் தொடங்கினார்கள். "ஓவர்ஈட்டர்ஸ் அனொனிமஸ்" என்று பெயர். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. குடிகாரர் போத்தலைத் தொடாமலே வாழ்ந்துவிடலாம். உணவைத் தொடாமல் யார் வாழ்வது? உணவுண்ணல் கோளாறில் இருப்பவர் தன் எதிரியோடு ஒரு நாளைக்கு மூன்று தரம் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அதனால்தான் இந்த நோயில் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருப்பதற்கு இத்தனை பெறுமதி.

பட்டினி மனிதனை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறோம். 1944-45 இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களின் உணவை ஆறு மாதம் பாதியளவுக்குக் குறைத்தார். போரினால் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு மறுபடி எப்படி உணவு கொடுப்பது என்று அறியத்தான் அந்த ஆய்வு. அந்த இளைஞர்கள் சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள். உணவைச் சிறு துண்டுகளாக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். கட்டுப்பாட்டைச் சிலர் மீறியபோது, இனி யாரும் தனியாக வெளியே போகக்கூடாது, கூட ஒருவர் போக வேண்டும் என்று கீஸ் விதி போட்டார். நாம் "பிடிவாதம்" என்று பெயர் வைக்கும் பல குணங்கள் பட்டினி கிடக்கும் மூளையின் குணங்கள் என்பதை அந்த ஆய்வு காட்டியது. அந்த 36 பேரும் ஆண்கள்.

1976 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் விவியன் மீஹன் என்ற தாதி ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவருடைய மகளுக்கு அனொரெக்சியா. தாதியாக இருந்தும் அவருக்கு விளக்கம் சொல்லவோ வழி காட்டவோ ஆள் கிடைக்கவில்லை. தன்னைப் போன்ற குடும்பங்களைத் தேடிப் பிடித்தார். ஆனட் என்ற அந்த அமைப்பின் இலவச ஆதரவுக் குழுக்கள் இன்றும் நடக்கின்றன. பிரித்தானியாவில் சிறு சிறு உதவிக் குழுக்கள் சேர்ந்து 1989 இல் ஒரே சங்கமாயின. 2007 முதல் அதன் பெயர் "பீட்".

1983 இல் பாடகி கேரன் கார்ப்பென்டர் 32 வயதில் இறந்தபோதுதான் இந்த நோயின் பெயரையே பல குடும்பங்கள் கேள்விப்பட்டன. 1987 இல் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலைக் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. நோய் தொடங்கி அதிக காலமாகாத இளம் பிள்ளைகளுக்குக் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் சிகிச்சை கூடுதலாக உதவியது என்று அது காட்டியது. பொருத்தமற்றவர்கள் என்று கல் ஒதுக்கிய அதே உம்மா வாப்பா, நூறு வருடம் கழித்து சிகிச்சை அறைக்குள் அழைக்கப்பட்டார்கள்.

குடும்பம் உள்ளே வந்தாயிற்று. நோயைக் கடந்தவர்? 1996 இல் கலிபோர்னியாவில் கரோலின் கொஸ்டின் என்பவர் மொன்டே நீடோ என்ற தங்கிச் சிகிச்சை பெறும் இல்லத்தைத் தொடங்கினார். தானே அனொரெக்சியாவிலிருந்து மீண்டவர் என்பதை அவர் மறைக்கவில்லை. மீண்டவர்களை வேலைக்கும் எடுத்தார். 1999 இல் ஜோர்ஜியா மாநிலம், மனநோயிலிருந்து மீண்டவர்கள் செய்யும் ஆதரவுப் பணிக்கு அரச மருத்துவ நிதியிலிருந்து கூலி கொடுக்கத் தொடங்கியது. 2007 இல் மற்ற மாநிலங்களும் அப்படிச் செய்ய மத்திய அரசு வழிகாட்டல் கொடுத்தது. 2008 இல், அனொரெக்சியா சிகிச்சையில் சந்தித்த இரண்டு பாடசாலை மாணவிகள் "புரொஜெக்ட் ஹீல்" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மீண்டவரையும் மீள்கிறவரையும் சோடி சேர்க்கும் திட்டம் நடக்கிறது. 2021 இல் குயின்ஸ்லாந்தில் திறந்த வாண்டி நெரிடா இல்லத்தில், இந்த நோயை அனுபவித்தவர்களும் பணிக்குழுவில் இருக்கிறார்கள்.

இவர்கள் என்னதான் செய்கிறார்கள்? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கூட இருந்து சாப்பிடுவார்கள். கடைக்குக் கூடப் போவார்கள். சாப்பிட்ட பிறகு வரும் அந்த அரை மணி நேரக் குற்ற உணர்வில் பேச்சுக்கு இருப்பார்கள். "இது மாறும்" என்று வைத்தியர் சொன்னால் அது தகவல். அதே நோயில் கிடந்தவர் சொன்னால் அவரே சாட்சி.

ஆனால் கட்டுப்பாடுகள் உண்டு. தான் எவ்வளவு நிறை குறைந்திருந்தேன், என்ன செய்து குறைத்தேன் என்று அவர் சொல்லக்கூடாது. இந்த நோய் ஒப்பிட்டுப் பார்க்கும் நோய். அவருடைய எண்ணிக்கை கேட்பவருக்கு இலக்காகிவிடும். தான் மீண்டு போதிய காலம் ஆகியிருக்க வேண்டும், பயிற்சி வேண்டும், அவரைக் கவனிக்கவும் ஓர் ஆள் வேண்டும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறுவதைப் பேச்சால் கண்டுபிடிக்க முடியாது. அது வைத்தியசாலை வேலை. இத்திட்டங்கள் பற்றிய ஆய்வுகள் இதுவரை சிறியவை. நம்பிக்கை தருகின்றன, சிகிச்சைக்குப் பதிலாக இதை வைக்கலாம் என்று சொல்லவில்லை.

இதன் இருண்ட பக்கத்தையும் பெற்றோர் அறிய வேண்டும். 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பட்டினியை ஒரு வாழ்க்கை முறையாகப் புகழும் இணையத் தளங்கள் முளைத்தன. நோயாளிகளே நோயாளிகளுக்கு உண்ணாமல் இருக்கும் தந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனட் அமைப்பும் முறையிட்டதில் 2001 இல் யாஹூ பல தளங்களை நீக்கியது. அவர்களும் ஒருவருக்கொருவர் "துணை"தான். பிள்ளைக்கு வீட்டிலும் பாடசாலையிலும் நல்ல துணை கிடைக்காவிட்டால் போனுக்குள் இந்தத் துணை கிடைக்கும்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

ஒன்று, நோன்பு. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல்காரருக்கு அதைக் கொடுக்கத் தயங்காத நாம், இந்த நோய் உள்ள பிள்ளைக்குக் கொடுக்க யோசிக்கிறோம். பிள்ளையும் நோன்பின் மறைவில் நோயை வளர்க்கலாம். இதைத் தனியே தீர்மானிக்காமல் வைத்தியரிடமும் விஷயம் தெரிந்த ஆலிமிடமும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டு, நம் வாய். "மெலிஞ்சு வடிவா இருக்கிறாய்", "இப்படிக் கொழுத்தா யார் கட்டுவான்" என்று கல்யாண வீட்டில் சொல்லும் சொற்கள் எங்கே போய்த் தைக்கின்றன என்று நமக்குத் தெரியாது. உடம்பைப் பற்றிப் பேசாமல் நலம் விசாரிக்க முடியும்.

மூன்று, இதுதான் முக்கியம். இந்த நோயைக் கடந்து வந்தவர்கள் நம் ஊர்களிலும் இருப்பார்கள். வெளியே சொன்னால் கல்யாணப் பேச்சு குழம்பும் என்று வீடே சேர்ந்து மறைக்கும். அந்தப் பயத்தை நாம் குறை சொல்லவில்லை. அதை உண்டாக்கியவர்கள் நாம்தான். புஸ்ஸான் தேடி எடுத்த அந்த ஆட்களை நாம் பூட்டி வைத்திருக்கிறோம். நோய்வாய்ப்பட்ட ஒரு பிள்ளை, இதிலிருந்து வெளியே வந்த ஒரு முகத்தைக்கூடக் காணாமல் வளர்கிறது.

யாரும் மேடையேறிச் சொல்லத் தேவையில்லை. ஒரு வைத்தியரோ உளவளத்துணையாளரோ நடுவில் இருக்க, ஒரே ஒரு பிள்ளையோடு, ஒரே ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். அப்படி உட்காரும் ஒருவரை ஊர் கதைத்துத் திரியாமல் இருப்பது நம் பங்கு.

உங்கள் பிள்ளையில் இந்த அறிகுறிகளைக் கண்டால் பக்கத்து அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பிள்ளை மயங்கி விழுந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே கொண்டுபோங்கள்.

கருத்துப் பகுதியில் யாருடைய பெயரையும், யாருடைய பிள்ளையையும் குறிப்பிடாதீர்கள். தேவையானவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். யாருக்கும் சொல்லமாட்டோம்.