மேக்கரேரேயில் தொடங்கிய வழக்கு

பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து ஆங் மோ கியோவிலுள்ள தமக்கையார் வீட்டுக்கு வந்துவிடுவது என் வழக்கம். அடுக்குமாடி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் இந்நிலத்தில், 1970களில் புதுநகர் எழுவதற்கு நெடுங்காலம் முன்பு, ரப்பர் மரங்கள் நின்றன என்று சொன்னால் தமக்கையாரின் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலேயே தலைமையாசிரியனாகவும் அமர்ந்துவிட்ட எனக்கோ அச்செய்தி உறவினர் ஒருவரைக் கண்டதுபோல் இருக்கிறது.

இவ்வூர்ப் பொது நூலகத்தில் சென்ற விடுமுறையின்போது இரு நூல்களை ஒருசேர எடுத்தேன். ஒன்று, கென்ய நாட்டு எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 1986இல் வெளியிட்ட ‘டீகாலனைசிங் தி மைண்ட்’ என்னும் கட்டுரை நூல். மற்றொன்று, நம்மவரான கே. எஸ். மணியம் 1981இல் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ என்னும் நாவல். முன்னவர் ஆங்கிலத்தில் பெரும்புகழ் ஈட்டியபின் அம்மொழியில் கதை எழுதுவதை விட்டுத் தம் தாய்மொழிக்குத் திரும்பியவர். பின்னவர் கெடா மாநிலத்துப் பீடோங்கில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, அவ்வாழ்வை ஆங்கிலத்தில் எழுதியவர். இவ்விருவரையும் அருகருகே வைத்துப் படிக்கும் தமிழாசிரியனுக்கு உறக்கம் எளிதில் வாராது.

ஆப்பிரிக்க எழுத்தாளன் எம்மொழியில் எழுத வேண்டும் என்னும் வழக்கு 1962 ஜூன் மாதம் உகாண்டாவின் கம்பாலா நகரில், மேக்கரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில் வெளிப்பட்டது. உகாண்டா விடுதலை பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. ‘ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு’ என்று பெயரிட்டுக் கூடினர். நைஜீரியாவிலிருந்து சினுவா அச்செபேயும் வோலே சோயிங்காவும் வந்தனர். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் வந்தார். அக்கல்லூரியின் மாணவராயிருந்த கூகியும், இரண்டொரு சிறுகதை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தமையால், அவையில் இடம் பெற்றார். தம் நாவலின் கையெழுத்துப் படியை அச்செபேயிடம் காட்டினார். ஆனால் சுவாஹிலி மொழியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட் அழைக்கப்படவில்லை. யொரூபா மொழியில் 1938இலேயே நாவல் படைத்த ஃபகுன்வாவும் அழைக்கப்படவில்லை. மாநாட்டின் பெயரே அவர்களை வெளியே நிறுத்திவிட்டது. ஷாபான் ராபர்ட் அவ்வாண்டிலேயே மறைந்தார்.

அடுத்த ஆண்டு ஓபி வாலி என்னும் நைஜீரியர், இவ்வழி போனால் ஆப்பிரிக்க இலக்கியம் முட்டுச்சந்தில்தான் முடியும் என்று கட்டுரை தீட்டினார். அது வெளியான ‘டிரான்சிஷன்’ இதழைக் கம்பாலாவில் நடத்தியவர் ரஜத் நியோகி என்னும் வங்காளி வழியினர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. அச்செபே அவ்வாதத்தை ஏற்கவில்லை. தமக்குக் கிடைத்த மொழியைத் தாம் பயன்படுத்தப்போவதாகவும், ஆனால் அவ்வாங்கிலம் ஆப்பிரிக்க அனுபவத்தைச் சுமக்குமாறு மாற்றப்பட்டதாக இருக்கும் என்றும் விடையிறுத்தார். 1958இல் வந்த அவரது முதல் நாவலைப் படித்தவர் இதனை வீண் பெருமை என்னார். இக்போ மக்களின் பழமொழி நடை அதில் ஆங்கிலத்தையே வளைத்துவிடுகிறது.

கூகியின் நூலில் என்னை உலுக்கியது வேறோர் இடம். அவரது சிறுவயதில் கல்வி கிக்கூயு மொழியில்தான் நடந்தது. 1952இல் கென்யாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபின் பள்ளிகள் ஆங்கிலேயரின் நேர் ஆட்சிக்குள் வந்தன. அதன்பின் பள்ளி எல்லைக்குள் கிக்கூயு பேசிய மாணவனுக்குப் பிரம்படி. அல்லது ‘நான் மூடன்’ என்னும் பொருள்பட எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டுவர். சில வேளை தண்டமாகக் காசு வாங்குவர்.

இதைப் படித்தபோது என் அலுவலறை மேசைமேல் இருந்த தகரக் குவளை நினைவுக்கு வந்தது. தமிழ் வகுப்பில் மலாய்ச் சொல்லையோ ஆங்கிலச் சொல்லையோ கலந்து பேசிய பிள்ளை அதில் பத்துக் காசு இட வேண்டும் என்பது நான் வகுத்த விதி. தூய தமிழ் வளர்க்கிறோம் என்ற மிடுக்கோடு மூன்றாண்டு நடத்தினேன். பேச்சே குறைந்த சில பிள்ளைகளை அடக்கமானவர் என்று பாராட்டியும் இருக்கிறேன்! பிழையை அப்பொழுதே திருத்துக என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்றோமே அன்றி, திருத்தும் கைக்கு அஞ்சி வாய் மூடிக்கொள்ளும் குழந்தையைப் பற்றி எவரும் சொல்லவில்லை. கென்யாவில் தாய்மொழிக்குத் தண்டம். என் பள்ளியில் தாய்மொழியின் பெயரால் தண்டம். திரும்பியதும் குவளையை எடுத்துவிட்டேன். அதிலிருந்த காசுக்குப் பென்சில் வாங்கிப் பிள்ளைகளுக்கே கொடுத்தாயிற்று.

கூகி எழுத்தளவில் நின்றவர் அல்லர். தேயிலைத் தோட்டங்களும் காலணித் தொழிற்சாலையும் சூழ்ந்த லிமுரு வட்டாரத்தில் கமிரீத்து என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூர்க் குடியானவரும் கூலிகளும் தம் கையாலேயே ஏறத்தாழ 2,000 பேர் அமரும் திறந்தவெளி அரங்கைக் கட்டினர். கூகி வா மிரீ என்பவரோடு சேர்ந்து இவர் கிக்கூயுவில் எழுதிய நாடகத்தை அவ்வூராரே ஒத்திகையில் திருத்தினர். இந்தக் கிழவர் இப்படிப் பேசமாட்டார், இந்தப் பெண் இப்படிச் சொல்லமாட்டாள் என்று ஆசிரியரையே திருத்தினர். 1977 அக்டோபரில் அரங்கேறிய நாடகத்தின் உரிமத்தை நவம்பரில் அரசு பறித்தது. ஆண்டு முடிவில் கூகி விசாரணையின்றிச் சிறைப்பட்டார். பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலத்தில் நாவல்கள் வெளியிட்டும் நேராத துன்பம், கூலியாட்களுக்கு விளங்கும் மொழியில் ஒரு நாடகம் போட்டதும் நேர்ந்தது! சிறையில் கழிவறைத் தாளில் தம் முதல் கிக்கூயு நாவலை எழுதினார். அது 1980இல் அச்சேறியது. அரங்கத்தையோ 1982இல் காவலர் இடித்துத் தரைமட்டமாக்கினர்.

இவ்வழக்கு சிங்கப்பூருக்கு எவ்வாறு வந்தது? இங்குத் தமிழ்த் தந்தைக்கும் தியோச்சூ-பெரானாக்கான் தாய்க்கும் பிறந்த கவிஞர் எட்வின் தம்பு, 1970இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்த பொருள் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆப்பிரிக்கக் கவிதை. விடுதலை பெற்று ஐந்தாண்டே ஆன நாட்டின் கவிஞர், தம்மைப் போலவே ஆண்டவரின் மொழியில் எழுதியவர் செய்தது யாதெனக் காண ஆப்பிரிக்காவை நோக்கினார் என்பது கருதத்தக்கது. நூல்களும் அவ்வழியே வந்தன. 1962இல் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையைத் தொடங்கிய ஹைன்மன் பதிப்பகமே, 1966இல் லியோன் கோம்பரைக் கொண்டு ஆசிய எழுத்து வரிசையையும் தொடங்கியது. மணியத்தின் நாவலை வெளியிட்டதும் ஹைன்மன்தான்.

ஆயினும் கூகி சொல்வதை அப்படியே நம் தோட்டத்துக்குப் பெயர்த்து நடுதல் இயலாது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளி வந்தது, தமிழும் வந்தது, பல இடங்களில் பாடம் சொன்னவர் தோட்டத்துக் கிராணியாரே. ஆனால் சில வகுப்புகளோடு படிப்பு முடிந்தது. அதற்கு மேலேற ஆங்கிலப் பள்ளி வேண்டும். அது நகரில் இருந்தது. கென்யச் சிறுவனிடமிருந்து தாய்மொழியைப் பிடுங்கிய அதே ஆட்சி, நம் சிறுவனைத் தாய்மொழிக்குள் வைத்து வேலியடைத்தது. பால்மரத்துக்கு ஆள் குறையலாகாது அல்லவா? மணியம் தமிழ்ப்பள்ளியில் ஓராண்டு இருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறியவர். வேலியைத் தாண்டிய பிள்ளையை மொழித் துரோகி என்று நம் மேடைகளில் சிலர் ஏசக் கேட்டிருக்கிறேன். அவ்வேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்காக வேலிக்குள் விளைந்ததை மறக்கலாமா? சயாம் மரண ரயிலின் கொடுமையை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் தமிழில் நாவலாக்கினர். தோட்டத்து மண்ணின் பேச்சைச் சீ. முத்துசாமி எழுத்தில் பிடித்தார். 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்று இருபதைச் சற்றே தாண்டும். அப்பள்ளிகள் ஈந்த வாசகரையே நம்பி எழுந்தவை இந்நூல்கள். மலேசிய இலக்கியம் பற்றி வெளியுலகத்தார் ஆங்கிலத்தில் உரையாடும்போது மணியத்தின் பெயர் வரும், வரத்தான் வேண்டும். மற்றவர் பெயர் வருவது அரிது. மேக்கரேரேயில் ஷாபான் ராபர்ட்டுக்கு நேர்ந்தது இதுவே.

ஆப்பிரிக்க நாவல்கள் தமிழுக்கு வந்தது ஓரளவு ஆசிரியர்களின் கைவண்ணத்தால். ஈழத்து எஸ். பொன்னுத்துரை நைஜீரியாவில் ஆசிரியப் பணி ஆற்றியவர்; ஆப்பிரிக்கப் படைப்புகளைத் தமிழாக்கினார். அச்செபேயின் முதல் நாவலை என். கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்னும் பெயரில் தந்தார். 2025 மே மாதம் மறைந்த கூகியோ, தம் கிக்கூயு நூல்கள் பலவற்றைத் தாமே ஆங்கிலமாக்கினார். அவ்வாறு ஆக்கிய ஒன்று 2021இல் அனைத்துலக புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம் பெற்றது.

எங்கள் ஆசிரியர் அறையில் மும்மொழியும் அறிந்தவர் நால்வர் இருக்கிறோம். சென்ற தவணையில், பள்ளி முடிந்தபின் வாரம் ஒரு நாள் அமர்ந்து, தோட்டத்து நாவல் ஒன்றின் முதல் அதிகாரத்தை மலாயில் பெயர்க்கத் தொடங்கினோம். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் ‘பெரட்டு’ முதல் பக்கத்திலேயே வருகிறது. அச்சொல்லை அப்படியே விடுவதா, மலாய்ச் சொல் தேடுவதா என்று மூன்று வாரம் வாதிட்டோம். பாட்டன் காலத்துப் பெரட்டைக் கேட்டறிந்த இளைய ஆசிரியை ஒருவர், அப்படியே விடுவோம், படிப்பவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்கிறார். இரண்டாம் பக்கத்தில் கங்காணி காத்திருக்கிறார்.