கண்டியில் காற்றின் நிறை

மனிதர் காற்றுக்கடலின் அடியிலே வாழ்கின்றனர் என்று இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1644 ஆம் ஆண்டிற் கடிதமொன்றில் எழுதினார். இரசம் நிரம்பிய குழாயைக் கிண்ணத்து இரசத்திலே கவிழ்த்தபோது, இரசம் முற்றாக இறங்கிவிடாது ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றது. அதனைத் தாங்கியது வெளிக்காற்றின் அமுக்கமே என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின் மலையேற இரசம் தாழவேண்டுமன்றோ? பிரெஞ்சு அறிஞர் பஸ்காலின் வேண்டுகோட்படி, அவர்தம் மைத்துனர் பெரியே 1648 செப்டெம்பர் 19 இல் பியூய் தெ தோம் மலையுச்சிக்குக் குழாயைக் கொண்டு சென்றார். இரசம் 8 சென்ரிமீற்றர் வரை தாழ்ந்தது. அடிவாரத்து மடத்திலே துறவியொருவர் நாள் முழுதும் நோக்கியிருந்த மற்றொரு குழாயில் மாற்றமேயில்லை. அத்துறவியின் பொறுமை இல்லையேல் பெரியேயின் மலையேற்றம் பாதிப் பயனே தந்திருக்கும்.

கண்டி மாநகர் கடன்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே உள்ளது. அங்கு இரசநிரல் 716 மில்லிமீற்றர் அளவிலேயே நிற்கும். நுவரெலியாவில் 610 அளவுக்கு இறங்கிவிடும்.

பாரமானி இல்லாத பாடசாலையும் இதனை அளக்கலாம். அதற்கு வழி வகுத்தவர் ரொபேட் போயில். வெப்பநிலை மாறாதிருப்பின், அடைபட்ட காற்றின் அமுக்கம் இருமடங்காகும்போது அதன் கனவளவு பாதியாகும் என்று 1662 இல் அவர் வெளியிட்டார். ஒரு முனை அடைத்த ஒடுங்கிய கண்ணாடிக் குழாயிலே, 100 மில்லிமீற்றர் நீளமான இரசநிரலொன்று சிறிது காற்றை அடைத்து நிற்கட்டும். குழாயின் வாய் மேல்நோக்கியிருக்கையில் அடைபட்ட காற்றின் நீளம் 154 மில்லிமீற்றர். தலைகீழாகப் பிடிக்கையில் 204. முன்னையதில் வெளியமுக்கத்தோடு இரசத்தின் நிறையும் சேர்ந்து அமுக்குகின்றது. பின்னையதில் அது கழிகின்றது. இரு நீளங்களின் கூட்டுத்தொகை 358, வித்தியாசம் 50. முன்னதைப் பின்னதால் வகுத்து 100 ஆற் பெருக்கின், 716. குழாயைக் கையாற் பொத்திப் பிடித்தல் ஆகாது; உள்ளங்கைச் சூடு காற்றை விரித்து விடையைக் கெடுத்துவிடும்.

இங்கேதான் ஒரு கேடு நேரக்கூடும். பாடநூல் 760 என்கிறது. கண்டி மாணவனின் குழாயோ 716 என்கிறது. தன் கண்ணை நம்பாது, 760 வரும்படி அளவுகளைத் திருத்தி எழுதும் மாணவன் இரங்கத்தக்கவன். அதற்குப் புள்ளி வழங்கும் ஆசிரியரே குற்றவாளி. 760 என்பது கடன்மட்டத்துக்குரிய எண். கொழும்புக்கு ஏறத்தாழப் பொருந்தும், கண்டிக்குப் பொருந்தாது. அன்றியும், அயனமண்டல நாடுகளிலே காலை 10 மணியளவில் உயர்ந்திருக்கும் அமுக்கம் பிற்பகல் 4 மணியளவில் 2 மில்லிமீற்றர் வரை தாழ்வதுண்டு. ஆகவே காலையில் அளந்தவன் 716 என்றும் மாலையில் அளந்தவன் 714 என்றும் கூறின், இருவரும் சரியாகவே அளந்திருத்தல் கூடும்.

இரச ஆவி நஞ்சாகும். ஆதலின் இக்காலத்து ஆய்வுகூடங்கள் பல அதனை விலக்கி, வாய் அடைத்த சிரிஞ்சொன்றின் தண்டின்மேல் நிறைகளை ஏற்றி, உள்ளிருக்கும் காற்று ஒடுங்குவதை அளக்கின்றன. விதி அதே போயிலின் விதிதான். தண்டின் உராய்வினால் விடை சற்றுப் பிசகும். வாசிக்குமுன் அதனை இலேசாகத் தட்டிவிடுதல் நன்று.