நைல் நதி நாவலும் நம் வடசென்னை வாசகரும்

வரலாற்று நாவல் என்பது இருபுறமும் கூர்மையுள்ள கத்தி போன்றது. ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் மண்ணோடு மண்ணானவர்களை அது நம் கண்முன் உலவவிடுகிறது. அதே வேளையில், ஆசிரியனின் மனத்தில் தோன்றிய எண்ணத்தையே வரலாறு என்று நம்பவும் வைத்துவிடுகிறது. ஆதலின் இத்தகைய நூல்களைப் பற்றி வாசகர் கூறும் கருத்துகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது பயனுள்ள பணியாகும். பண்டைய மிஸ்ர் நாட்டு வாழ்வைச் சித்திரிக்கும் புகழ்பெற்ற நாவலொன்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

பின்லாந்து நாட்டு எழுத்தாளர் மிகா வால்தரி 1945இல் வெளியிட்ட நூல் அது. ‘எகிப்தியனான சினுஹே’ என்பது அதன் பெயர். 1949இல் ஆங்கிலத்தில் சுருக்கமாக வெளிவந்து அமெரிக்காவில் பெருவிற்பனை கண்டது. 1954இல் திரைப்படமாகவும் ஆயிற்று. இன்றைக்கு ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அக்கெநாத்தன் என்னும் மன்னனின் காலமே கதையின் களம். நாணல் படகொன்றில் நைல் நதியில் மிதந்து வந்த குழந்தையை ஏழை மருத்துவர் ஒருவரின் குடும்பம் எடுத்து வளர்க்கிறது. அக்குழந்தையே சினுஹே. வளர்ந்து மருத்துவனாகிப் பல நாடுகள் சுற்றி, அரசவையில் இடம்பெற்று, முடிவில் நாடுகடத்தப்பட்டுச் செங்கடற்கரையில் தனிமையில் அமர்ந்து தன் வாழ்வை எழுதுகிறான்.

இந்நூலைப் படித்தவர்கள் முதலில் வியப்பது அதன் நுணுக்கத்தையே. மண்டையோட்டைத் திறந்து செய்யும் சிகிச்சை, சடலங்களைப் பாடம் செய்யும் கூடம், துறைமுகத்து மதுக்கடை, ஏழைகள் நெருங்கி வாழும் சந்து ஆகிய யாவும் நேரில் கண்டவன் எழுதியதுபோல் தோன்றுகின்றன. ஆனால் வால்தரி எகிப்து மண்ணை மிதிக்காமலேயே, நூல்களைக் கற்று இதனை எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் தோற்றுத் துவண்டிருந்த நாட்டில் அமர்ந்து எழுதிய அவருடைய உள்ளச்சோர்வு, பண்டைய எகிப்தின் உடையணிந்து வந்திருக்கிறது என்று கருதும் வாசகர்களும் உளர். அக்கருத்தில் பெரிதும் உண்மை உண்டு.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். இத்தகைய நூலை நம் பிள்ளைகள் கையிலெடுக்கும்போது பெரியவர்களிடம் எழும் முதல் வினா, “ஃபிர்அவ்னுடைய கூட்டத்தின் கதையை நாம் ஏன் படிக்க வேண்டும்?” என்பதே. இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. ஃபிர்அவ்ன் என்ற பெயர் நமக்கு ஆணவத்தின் மறுபெயர். எனினும் திருமறையே இவ்விஷயத்தில் எத்துணை நுட்பமாகப் பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். யூசுப் நபி (அலை) காலத்து ஆட்சியாளரை அது ‘அரசர்’ என்று மட்டுமே குறிக்கிறது. மூசா நபி (அலை) வரலாற்றில்தான் ஃபிர்அவ்ன் என்னும் சொல் வருகிறது. ‘பெரிய மாளிகை’ என்று பொருள்படும் அப்பட்டம், எகிப்திய வரலாற்றின் பிற்பகுதியிலேயே மன்னனைக் குறிக்க வழங்கியது என்று தொல்லியல் அறிஞரும் கூறுவர். மேலும், அக்கொடியவனின் மனைவியே நல்லடியாராகப் போற்றப்படுகிறார். அவனுடைய குடும்பத்திலேயே ஈமானை மறைத்து வாழ்ந்த ஒருவர் துணிந்து நீதி பேசுகிறார். அவன் அழைத்துவந்த சூனியக்காரர்களே உண்மையைக் கண்டு தலைவணங்குகின்றனர். ஒரு மன்னனின் குற்றத்தை ஒரு சமுதாயம் முழுவதன் மேலும் சுமத்தலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மிஸ்ர் நாட்டைத் தமிழ்க் கதைக்குள் கொண்டுவந்த முன்னோடியே ஒரு முஸ்லிம்தான் என்பதையும் நாம் மறக்கலாகாது. கண்டியில் வாழ்ந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். மிஸ்ர் நாட்டுப் பிரபு ஒருவரின் குழந்தை கடத்தப்பட்டுப் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டு, வளர்ந்தபின் தன் பெற்றோரைச் சேரும் கதை அது. ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற எகிப்தியத் தலைவர் அராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்திருந்த காலம் அது. இலங்கைத் தமிழில் தோன்றிய முதல் நாவல் எனப் பலர் அதைப் போற்ற, கதை இலங்கையில் நடக்கவில்லையே என்று சிலர் தயங்கினர். எகிப்தியக் கதைகளைப் பற்றிய வாசகர் வழக்கு நம்மிடையே புதியதன்று.

வால்தரியின் நாவலைப் புகழ்வோரிடம் இன்னொரு கருத்தும் உண்டு. “அக்கெநாத்தன் பல தெய்வங்களை ஒழித்து ஒரே இறைவனை வணங்கினான், எனவே அவன் நம் கொள்கைக்கு நெருங்கியவன்” என்பர். இதில் நிதானம் வேண்டும். அம்மன்னன் முன்னிறுத்திய ஆத்தன் என்பது சூரிய வட்டம். அவ்வழிபாட்டின் நடுவில் மன்னனும் அவன் குடும்பமுமே நின்றனர். மக்கள் மன்னன் வழியாகவே அத்தெய்வத்தை அணுக முடிந்தது. மனிதனுக்கும் படைத்தவனுக்கும் இடையே அரசனை நிறுத்தும் கொள்கையை ஏகத்துவத்தோடு ஒப்பிடுதல் பொருந்தாது. நாவலாசிரியன் தன் பாத்திரத்திற்கு அளித்த அருள்முகத்தை வரலாற்று மன்னனின் முகமென்று கொள்ளலாகாது.

வரலாறு காட்டும் முகம் வேறு. அக்கெநாத்தன் பாலைவனத்தில் எழுப்பிய புதிய தலைநகர் இன்று அமர்னா எனப்படுகிறது. அங்கே சாதாரண மக்களின் அடக்கத்தலங்களை ஆய்வாளர்கள் 2006 முதல் அகழ்ந்தனர். ஊட்டமின்றி வளர்ச்சி குன்றிய எலும்புகளும், பெருஞ்சுமையால் தேய்ந்த மூட்டுகளும், முறிந்த முதுகெலும்புகளும் அங்கே கிடைத்தன. ஓர் அடக்கத்தலத்தில் புதைக்கப்பட்டோருள் பெரும்பாலோர் 7 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். ஒளியின் நகரம் என்று கவிஞர் பாடக்கூடிய அத்தலைநகரை இளம் முதுகுகளே சுமந்தன. 1945இல் எழுதிய வால்தரிக்கு இவ்வுண்மை தெரிந்திருக்க வழியில்லை, நமக்குத் தெரியும்.

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இச்செய்தி அயலானதன்று. 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதல் இருப்புப்பாதை புறப்பட்டது. செயற்கைத் துறைமுகம் எழுமுன் அலைகளினூடே மசூலாப் படகுகளே கப்பற்சரக்கைக் கரைசேர்த்தன. பெரும்பணம் கொட்டிக் கட்டிய துறைமுகச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. அவை மீண்டும் எழுப்பப்பட்டன. பொறியாளர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. கல் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. துறைமுகத்து மூட்டையைத் தோளில் ஏற்றியவரின் பேரன் அந்நாவலில் தீப்ஸ் நகரத்து ஏழைச் சந்தைப் படிக்கும்போது, அரண்மனை வாசகன் காணாத ஒன்றைக் காண்பான் என்பதில் ஐயமில்லை.

நாவலின் இறுதிக் குரலையும் நாம் சோதிக்க வேண்டும். கோயில் நிலங்களை ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் மன்னனின் முயற்சி கதையில் கலகத்திலும் குருதியிலும் முடிகிறது. மனிதன் மாறுவதில்லை, எக்காலத்தும் அவன் அவனே என்று சினுஹே மனம் கசந்து ஒதுங்குகிறான். இதனையே நூலின் ஞானமென்று மெச்சும் வாசகர் பலர். நாம் அக்கருத்துக்கு உடன்படவில்லை. கி.மு. 12ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ராம்சேஸ் மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டில், அரசகல்லறைகளைச் செதுக்கிய தொழிலாளர்கள் தானியக்கூலி தாமதமானதால் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினர். பசியும் தாகமும் தங்களை அங்கே துரத்தி வந்ததாக அதிகாரிகளிடம் முறையிட்டனர். தங்கள் பங்கையும் பெற்றனர். இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்திலுள்ள பாப்பிரஸ் சுவடி இதற்குச் சான்று. உலகில் எழுத்தில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தம் இதுவே என்பர்.

அந்தக் குரல் நம் நகரிலும் ஒலித்தது. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1923 மே முதல் நாளில், துறைமுகத்தை அடுத்த உயர்நீதிமன்றக் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். மனிதன் மாறுவதே இல்லை என்றால் எட்டு மணி நேர வேலை எங்கிருந்து வந்தது? வார விடுமுறை எங்கிருந்து வந்தது? தோற்ற நாட்டின் எழுத்தாளனுக்கு உலகம் இருண்டு தோன்றியதில் வியப்பில்லை. அவ்விருளை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை.

அப்படியாயின் இந்நூலைப் படிக்கலாமா? படிக்கலாம் என்பதே நம் கருத்து. இளம் பிள்ளைகளுக்கு ஏலாத காட்சிகள் அதில் உண்டு. ஆகவே பருவம் வந்தவர்கள் படிப்பதே நன்று. தடை செய்தால் மறைவில் படிப்பர்; உடனிருந்து பேசினால் தெளிவு பெறுவர். மன்னன் என்ன சொன்னான் என்பதோடு நில்லாமல், அவனுடைய நகரத்துக்குக் கல் சுமந்தவன் என்ன உண்டான் என்றும் கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவோமாயின், ஃபிர்அவ்னின் நாட்டுக் கதையும் அவர்களுக்கு நல்லாசானாக விளங்கும்.