கம்பத்தில் ஏறுமுன் அவள் பார்க்கிறாள்

கம்ப நடனம் என்று பேச்செடுத்தாலே உடையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அதை முடித்துவிட்டே மேலே போகலாம். போட்டிகளில் வைக்கப்படும் எஃகுக் கம்பத்தின் விட்டம் வழக்கமாக 45 மில்லிமீட்டர். அதில் உடம்பைத் தாங்குவது தோலின் உராய்வுதான். முழங்கால் மடிப்பு, உள்தொடை, அக்குள், இடுப்புச் சதை என்று எங்கே தோல் படுகிறதோ அங்கேதான் பிடி. துணி பட்டால் வழுக்கும். பழகுகிற பெண்களின் தொடையிலும் கெண்டைக்காலிலும் கன்றிப்போன தடங்கள் இருக்கும். விழுப்புரத்தில் மல்லர் கம்பம் பழகுகிற பையன் இடுப்பில் ஒரு துண்டுத் துணியோடு மரக்கம்பத்தில் தலைகீழாகத் தொங்கும்போது யாரும் உடையைப் பற்றிக் கேட்பதில்லை. வீர விளையாட்டு என்று கைதட்டுகிறோம். அதே தோல், அதே உராய்வு. பார்க்கிற கண்தான் வேறு.

உடல் வலு எல்லாருக்கும் வேண்டும். அது இருந்தும் ஒருத்தி ஆடும்போது நாம் கைபேசியை நோண்டுகிறோம், இன்னொருத்தி வந்து நின்றாலே நிமிர்ந்து உட்காருகிறோம். மேடையை நிறைப்பது என்று நாம் சொல்வது எதனால் வருகிறது? நடனப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது. புதியவளின் கண் கம்பத்தில் இருக்கிறது, அடுத்த பிடியைத் தேடுகிறது. ஒரு வித்தை முடிவதற்குள் அடுத்ததற்கு ஓடிவிடுகிறாள். தேர்ந்தவள் உடனே ஏறுவதில்லை. ஒரு கையைக் கம்பத்தில் வைத்து மெல்லச் சுற்றி நடக்கிறாள். நம்மைப் பார்க்கிறாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் இன்னும் ஏறவில்லை. மேலே போய்த் தலைகீழாக விரிந்த பிறகும் அந்த வடிவத்தில் ஒரு மூச்சு நேரம் தங்குகிறாள். எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் நிற்பது, யாரை நோக்குவது என்பதெல்லாம் அவள் முடிவு. அந்த முடிவு நமக்குத் தெரிவதால்தான் கண்ணை எடுக்க முடிவதில்லை. ‘கவர்ச்சி’ என்ற சொல் இதைப் பிறவிக் குணமாக்கிவிடுகிறது. எனக்கு இது தொழில்.

இந்தத் தொழிலுக்கு அமெரிக்க மேடையில் ஒரு வரலாறு உண்டு. 1868இல் லிடியா தாம்ஸன் என்ற ஆங்கிலேய நடிகை தன் குழுவோடு நியூயார்க் வந்து இறங்கினாள். பர்லெஸ்க் என்ற கேலி நாடகம். பெண்கள் ஆண் வேடம் கட்டினார்கள். லிடியா கிரேக்கப் புராணத்து அரசன் இக்ஸியானாக வந்தாள். இறுக்கமான காலுறையில் கால்கள் தெரிந்தது ஊருக்கு அதிர்ச்சிதான். ஆனால் அதைவிட உறுத்தியது அவர்களுடைய வாய். சிலேடை பேசினார்கள், அன்றைய அரசியலைக் கிண்டலடித்தார்கள், பார்வையாளர்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார்கள். 1870இல் சிகாகோ பத்திரிகை ஒன்று இந்தக் குழுவைத் தொடர்ந்து இழிவாக எழுதியபோது, லிடியா அதன் ஆசிரியர் வில்பர் ஸ்டோரியைத் தெருவில் வழிமறித்துக் குதிரைச் சவுக்கால் விளாசினாள். நீதிமன்றம் அபராதம் போட்டது. (இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.)

அதன் பிறகு நடந்தது படிப்படியான வாய்ப்பூட்டு. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் கேளிக்கைத் திடலில் வட ஆப்பிரிக்க, மேற்காசிய வயிற்று நடனங்கள் பெருங்கூட்டத்தை இழுத்தன. அவற்றின் மலிவு நகல்கள் பர்லெஸ்க் மேடைக்கு வந்தன. வசனமும் நகைச்சுவையும் ஆண் கோமாளிகளுக்குப் போக, பெண் பேசாத உடலானாள். 1930களில் ஜிப்ஸி ரோஸ் லீ அந்த மேடையில் நின்றுகொண்டே மறுபடி பேசினாள். ஒரு நீளக் கையுறையைக் கழற்றுவதற்குள் கதையே சொல்லி முடித்துவிடுவாள். கூட்டம் சிரித்துக்கொண்டு காத்திருந்தது. 1937இல் நியூயார்க் நகராட்சி பர்லெஸ்க் அரங்குகளின் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுக்கூடங்களில் கம்பம் நிலைத்தபோது இசை ஒலிபெருக்கியில் அலறியது. பேச்சுக்கு இடமே இல்லை. அவளிடம் எஞ்சியது வேகமும் பார்வையும்.

நம்மிடமும் கயிற்றின்மேல் நடந்த ஒரு பெண் இருக்கிறாள். நற்றிணையின் 95ஆம் பாடலில் ஆடுமகள் ஒருத்தி முறுக்கேறிய கயிற்றில் நடக்கிறாள், பல இசைக்கருவிகள் முழங்குகின்றன. ஆனால் பாட்டின் கண் உடனே அவளை விட்டுவிடுகிறது: அந்தக் கயிற்றில் தொங்கும் குரங்குக் குட்டி, தாளம் கொட்டும் குறச்சிறுவர், கடைசியில் தலைவியின் ஊர். வகுப்பில் இதை நடத்தும்போது அழகான காட்சி என்று மாணவிகள் குறித்துக்கொள்வார்கள். அவள் அங்கிருந்து யாரைப் பார்த்தாள் என்று நான் கேட்பேன். பாட்டில் அதற்கு இடமில்லை.

பார்ப்பது தொழிலுரிமை என்பதை நிறுவியவர்கள் சான் பிரான்சிஸ்கோவின் லஸ்டி லேடி என்ற அரங்கின் நடனப் பெண்கள். அங்கே பார்வையாளர்கள் தனித்தனி அறைகளிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். சில அறைகளில் இருந்தது ஒருபுறக் கண்ணாடி. உள்ளிருப்பவன் அவளைப் பார்க்கலாம், அவளுக்குத் தெரிவது தன் பிம்பம் மட்டும். அந்த மறைவில் சிலர் ரகசியமாகப் படம் எடுத்தார்கள். கறுப்பினப் பெண்களுக்கு வேலைநேரம் குறைத்துக் கொடுக்கப்பட்டதும் சேர்ந்துகொள்ள, 1996இல் அவர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கமானார்கள். போராட்டத்தின் போக்கிலேயே அந்தக் கண்ணாடிகள் கழற்றப்பட்டன. பாதுகாப்புக்கான கோரிக்கை என்றே இதை எழுதுகிறார்கள், சரிதான். எனக்கு அதில் கலை பற்றிய ஒரு கூற்றும் கேட்கிறது. பார்க்கிறவனைப் பார்க்க முடியாதவள் யாருக்காக நிற்பாள், எந்த முகத்தைக் கண்டு வேகத்தைக் கூட்டுவாள், குறைப்பாள்? 2003இல் அந்தப் பெண்களே அரங்கைக் கூட்டுறவாக ஏற்று நடத்தினார்கள். 2013இல் அது மூடப்பட்டது.

2022 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸின் வடக்கு ஹாலிவுட்டில் ஸ்டார் கார்டன் என்ற மதுக்கூடத்தின் நடனப் பெண்கள் பாதுகாப்பு கேட்டு மனுக் கொடுத்தார்கள். கதவு சாத்தப்பட்டது. அவர்கள் மாதக்கணக்கில் வாசலிலேயே மறியல் செய்தார்கள், அதுவும் ஒவ்வொரு இரவும் ஒரு வேடம் கட்டிக்கொண்டு. அரங்குக்கு உள்ளே மறுக்கப்பட்ட மேடையை நடைபாதையில் போட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சேர்வதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஆக்டர்ஸ் ஈக்விட்டி. 1913இல் தொடங்கிய, பிராட்வே நாடக நடிகர்களின் சங்கம். 2023 மே மாதம் வாக்கு எண்ணினார்கள். சங்கத்துக்கு ஆதரவாக 17, எதிராக ஒன்றுகூட இல்லை. ஹேம்லட் நடிப்பவரும் கம்பத்தில் ஏறுபவளும் ஒரே சங்கத்தின் அட்டையை வைத்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் அந்த மதுக்கூடம் மறுபடி திறந்தது. அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.