ஸ்வீடன்காரன் போட்ட மெட்டு

பிரிட்னி ஸ்பியர்ஸ் அமெரிக்கப் பெண். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் அமெரிக்கப் பையன்கள். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் 1998-ல் வந்த 'பேபி ஒன் மோர் டைம்', 1999-ல் வந்த 'ஐ வான்ட் இட் தட் வே' இரண்டும் பிறந்த இடம் அமெரிக்கா இல்லை. ஸ்டாக்ஹோமில் ஷைரோன் என்று ஒரு ஸ்டுடியோ. மெட்டுப் போட்டவர் ஸ்வீடன்காரர். 'ஐ வான்ட் இட் தட் வே' வரிகளை உட்கார்ந்து படித்துப் பாருங்கள், முழுசாக அர்த்தம் வராது. எழுதியவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. வார்த்தை மெட்டில் உட்கார்ந்தால் போதும், அர்த்தம் அப்புறம் என்கிற கட்சி அவர்கள்.

போன செமஸ்டரில் ஏற்றுமதி பற்றி செமினார் கொடுக்கச் சொன்னார்கள். பையன்கள் எல்லாம் பனியன், தேயிலை, தோல் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் இதை எடுத்தேன். "பாட்டெல்லாம் ஏற்றுமதியாடா?" என்று பேராசிரியர் சிரித்தார். சிரிக்கட்டும். கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் உள்ள நாடு, தன் மொழி வெளியே யாருக்கும் புரியாத நாடு, உலகத்துக்கே பாட்டு விற்றிருக்கிறது. இது எப்படி நடந்தது என்பதுதான் என் கேள்வி.

கதை 1974 ஏப்ரல் 6-ல் ஆரம்பிக்கிறது. அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி. அப்பா குழு 'வாட்டர்லூ' பாடி 24 புள்ளிகளில் ஜெயித்தது. (ஆமாம், அப்பா. நம் வாயில் வேறு மாதிரி வராது. நாலு பேர் பெயரின் முதல் எழுத்துகள் அவை. அதே பெயரில் ஸ்வீடனில் ஒரு மீன் ஊறுகாய் கம்பெனி இருந்ததால் அவர்களிடம் அனுமதி வேறு வாங்கினார்கள்.) போட்டி நடத்திய பிரிட்டன் கொடுத்த மதிப்பெண் பூஜ்யம். வேடிக்கை என்னவென்றால், அதே ஏப்ரல் 6 தேதியிட்ட அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதல் இடத்தில் இருந்ததும் ஒரு ஸ்வீடன் குழுதான், ப்ளூ ஸ்வீட். அவர்களை இன்று யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

ஊரில் மாலை மரியாதை கிடைத்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அப்போது ஸ்வீடனில் 'ப்ரோக்' என்று ஓர் இடதுசாரி இசை இயக்கம் பலமாக இருந்தது. பாட்டு என்றால் ஸ்வீடிஷ் மொழியில் இருக்க வேண்டும், அரசியல் பேச வேண்டும், லாபத்துக்காக இருக்கக் கூடாது. அவர்களுக்கு அப்பா என்றாலே வேப்பங்காய். 1975-ல் யூரோவிஷன் ஸ்டாக்ஹோமுக்கு வந்தபோது எதிர்ப்புத் தெரிவித்து ஒரு மாற்று விழாவே நடத்தினார்கள். அடுத்த வருடம் ஸ்வீடன் அந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை.

வணிகவியல் மாணவனாக ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அப்பா குழுவின் அந்தக் கண்கூசும் உடைகளுக்கு ஒரு காரணம் வருமான வரி! தினசரி வாழ்க்கையில் போட முடியாத உடை என்றால்தான் அதைச் செலவாகக் காட்டி வரியில் கழிக்கலாம். இதை உல்வேயஸே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆடிட்டர் தைத்த சட்டை என்று சொல்லலாம்.

அப்புறம் 1986-ல் 'ஃபைனல் கவுன்டவுன்' பாடிய யூரோப், அடுத்து ராக்செட். ராக்செட் கதை மட்டும் சுருக்கமாக. அவர்களுடைய பாட்டை அமெரிக்காவில் வெளியிட அங்கிருந்த கம்பெனி ஆர்வம் காட்டவில்லை. ஸ்வீடனில் படித்துவிட்டு மினியாபொலிஸ் திரும்பிய ஒரு மாணவன் கையோடு கொண்டுவந்த இசைத்தட்டை உள்ளூர் ரேடியோவில் கொடுத்தான். நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 1989-ல் 'தி லுக்' அமெரிக்காவில் முதல் இடம். மார்க்கெட்டிங் பாடப் புத்தகத்தில் இதற்கு எந்த அத்தியாயமும் இல்லை.

இப்போது ஷைரோனுக்கு வருவோம். அதை நடத்திய டென்னிஸ் பாப் ஒரு டி.ஜே. வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. கோதன்பர்க்கிலிருந்து ஒரு புதுக் குழு அவருக்கு ஒரு டேப் அனுப்பியது. பாட்டு பிடிக்கவில்லை. ஆனால் டேப் அவர் கார் பிளேயரில் மாட்டிக்கொண்டது, வெளியே வர மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் போகும்போதும் வரும்போதும் அதையே கேட்டார். கேட்கக் கேட்க அதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. அந்தக் குழு ஏஸ் ஆஃப் பேஸ். அந்தப் பாட்டு 'ஆல் தட் ஷி வான்ட்ஸ்' ஆனது. 1994-ல் அவர்களுடைய 'தி சைன்' பில்போர்டின் அந்த வருடத்து முதல் பாட்டு.

டென்னிஸ் பாப் ஒரு ராக் குழுவின் பாடகரைப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார். பெயர் மார்ட்டின் சாண்ட்பெர்க். மேக்ஸ் மார்ட்டின் என்று பெயர் மாற்றியதும் அவர்தான். 1998 ஆகஸ்டில் டென்னிஸ் பாப் புற்றுநோயில் இறந்தார். வயது 35. 'பேபி ஒன் மோர் டைம்' உலகத்தைப் புரட்டிப் போட்டதை அவர் பார்க்கவில்லை. எனக்கு இந்த இடம் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. 2000-ல் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். மேக்ஸ் மார்ட்டின் நிற்கவில்லை. அமெரிக்காவில் முதல் இடம் பிடித்த பாட்டுகளில் 25-க்கும் மேல் அவர் எழுதியவை. பாடுபவர் எந்த நாட்டவராக இருந்தால் என்ன, எழுதியவரின் ராயல்டி ஸ்வீடனுக்குப் போகிறது. சரக்குக் கப்பல் கிடையாது, கன்டெய்னர் கிடையாது.

ஏன் ஸ்வீடன்? "குளிர் அதிகம், வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள், வேறு வேலை இல்லை" என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு இது ஒத்துவரவில்லை. பின்லாந்திலும் நார்வேயிலும் வெயிலா கொளுத்துகிறது? டி.வி.யில் ஆங்கிலப் படங்களை டப்பிங் செய்யாமல் சப்டைட்டில் போடுவார்கள், அதனால் காது ஆங்கிலத்துக்குப் பழகிவிடுகிறது என்பது கொஞ்சம் பரவாயில்லை. அதுவும் பக்கத்து நாடுகளில் உண்டு.

நான் நம்புவது வேறு. 1940-களிலிருந்து ஸ்வீடனின் ஊராட்சிகள் இசைப் பள்ளிகள் நடத்துகின்றன. பிள்ளைகள் வாத்தியத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், கட்டணம் இல்லை அல்லது மிகக் குறைவு. பெரியவனாகி நாலு பேர் சேர்ந்து குழு ஆரம்பித்தால், தொழிலாளர் இயக்கம் வளர்த்த படிப்பு வட்டங்கள் வழியாக ஒத்திகை அறைக்கு அரசு மானியம் கிடைக்கும். மேக்ஸ் மார்ட்டின் அப்படி ஒரு பள்ளியில் ஃபிரெஞ்சு ஹார்ன் ஊதக் கற்றவர். எல்லாம் அரசு இசைக் கல்வி தந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் எட்டாம் வகுப்பில் கீபோர்டு கிளாஸை ஃபீஸ் கட்ட முடியாமல் நிறுத்தியவன். அதனால் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம், கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஷைரோனுக்கு நேர் எதிரான ஆட்களும் அதே மண்ணில் முளைத்தார்கள். யோன்ஷோப்பிங்கிலிருந்து கார்டிகன்ஸ், ஃபாகெர்ஸ்டா என்ற இரும்பாலை ஊரிலிருந்து ஹைவ்ஸ், 2006-ல் விசிலடித்தே ஊரைச் சுற்றிய 'யங் ஃபோக்ஸ்'. எனக்குப் பிடித்தது ராபின். டென்னிஸ் பாப், மேக்ஸ் மார்ட்டின் கையில் 1997-லேயே அமெரிக்காவில் ஹிட் கொடுத்த பெண். பிறகு, தான் செய்ய நினைத்த இசை கம்பெனிக்குப் பிடிக்கவில்லை என்றதும் ஒப்பந்தத்திலிருந்து விலகி, 2005-ல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். 2007-ல் 'வித் எவ்ரி ஹார்ட்பீட்' பிரிட்டனில் முதல் இடம். தி நைஃப் என்ற அண்ணன் தங்கை... இல்லை, அக்கா தம்பி குழு, தங்கள் 'ஹார்ட்பீட்ஸ்' பாட்டை ஹோசே கொன்சாலஸ் கிதாரோடு பாடியதை 2005-ல் சோனி டி.வி. விளம்பரத்துக்குக் கொடுத்தது. சான் பிரான்சிஸ்கோ தெருவில் இரண்டரை லட்சம் பந்துகள் குதித்து ஓடுமே, அதுதான். வந்த பணத்தைத் தங்கள் தனிக் கம்பெனியை நடத்தப் பயன்படுத்தினார்கள். ப்ரோக் ஆட்கள் இதைப் பார்த்துத் திட்டியிருப்பார்களா, கைதட்டியிருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

செமினாரில் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். பேராசிரியர் இந்த முறை சிரிக்கவில்லை. "அந்தப் பள்ளிக்கூடத்து ஹார்ன் இருக்கே, அதை எந்தக் கணக்குல எழுதுவே? வருவாய்ச் செலவா, மூலதனச் செலவா?" என்றார். மூலதனம் என்றேன். "சரி, எத்தனை வருஷத்துக்குத் தேய்மானம் போடுவே?"

அவன் ஊதிப் பழகியது சின்ன வயசில். 1998-லிருந்து இன்று வரை வருமானம் வந்துகொண்டிருக்கிறது. பதில் சொல்லத் தெரியாமல் போய் உட்கார்ந்தேன்.